சிவப்பு அட்டையும் ஒரு பட்டிமன்றமும்

எங்கள் கம்பெனியில் மனித உரிமைகளைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்தார்கள். கேண்டீன் மேஜைகளை ஓரமாகத் தள்ளி, பின்னால் பேனர் கட்டி, மைக் செட் வரவழைத்து, நடுவருக்குச் சால்வை வாங்கி, எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததிலிருந்து கம்பெனி வேலைதான். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கிற கம்பெனி. ஒயர் பொருத்துகிற பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். எங்கள் லைனில் எல்லாரும் பெண்கள். நான் அதற்கு லீடர். பெரிய பதவி ஒன்றும் இல்லை. எவளாவது வராவிட்டால் அவள் இடத்தில் நான் நிற்க வேண்டும், எவளாவது அழுதால் தேற்ற வேண்டும், சூப்பர்வைசர் கத்தினால் முதலில் நான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வாய் மட்டும் இல்லை என்றால் இவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

லைனுக்கு ஒரு சிவப்பு அட்டை உண்டு. நாடாவில் கோத்து, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அவரிடம் கேட்டு, அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அது திரும்பி ஆணிக்கு வரும் வரைக்கும் இன்னொருத்தி போகக் கூடாது. நாங்கள் அதைத் தாலி என்போம். "ஏய், தாலி எவ கழுத்துலடி?" "அவதான் மாட்டிகினு போயிருக்கா. போய் அங்கயே குடித்தனம் பண்றா." இப்படிச் சொல்லிச் சிரிப்போம். அழுதுகொண்டே டேப் சுற்ற முடியாது இல்லையா, அதற்காகச் சிரிப்போம்.

அட்டையைக் கேட்கப் போனால் சூப்பர்வைசர் எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். தென்மாவட்டத்துக்காரர். "இப்பத்தான போனீய? அதுக்குள்ள என்ன?" என்று லைனுக்கே கேட்கிற குரலில் கேட்பார். அதற்கு ஒரு பொம்பளை என்ன பதில் சொல்லுவாள்? தூரமான நாளில் என்ன சொல்லுவாள்? திரும்பி வந்து, தொடையை இறுக்கிக்கொண்டு நிற்பாள்.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. புதிதாக ஒருத்தி வந்தால், எந்த ஒயர் எந்தக் கிளிப்பில் போகும் என்று சொல்லித்தருவதற்கு முன்னாலேயே அவளுக்கு இதைத்தான் சொல்லித்தருவோம். "காலைல இட்லிய வெறும் பொடியோட தின்னு கண்ணு. சாம்பார ஊத்திக்காத. டீ அரை டம்ளர் போதும். தண்ணி மத்தியானம் ரெண்டு மடக்கு குடி, அதுக்கு மேல வேணாம்." நல்ல மனசோடுதான் சொல்வோம். தன் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் பிழைக்கிற வழி சொல்லி அனுப்புகிற மாதிரி சொல்வோம். தாகத்தைப் பழக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எங்களை ஆக்கிவைத்திருந்தார்கள், அதைச் சொல்கிறேன்.

அப்படிப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஊரிலிருந்து வந்தாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். கான்ட்ராக்டில் எடுத்த பெண். கை அவ்வளவு சுறுசுறுப்பு. லைனில் எனக்கு நேர் எதிரே நிற்பாள்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றுகிற அறையில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அக்கா, தள்ளிப்போயிருக்கு" என்றாள். நான் சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளப் போனேன். அவள் முகத்தைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை அவளுக்கு. இப்போது மூத்திரத்தில் எரிச்சல். டாக்டரிடம் போனால், கிருமி இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது, அடக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

"தண்ணி குடிச்சா அட்டை கேக்கணும் அக்கா. அடிக்கடி கேட்டா எதுக்குன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா ரெஸ்ட் எடுத்துக்கம்மான்னு அனுப்பிடுவாங்க. குடிக்கலன்னா பிள்ள..." வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "தேவுடா" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பயந்தது நியாயம்தான். கான்ட்ராக்ட் பெண்ணுக்கு வயிறு தெரிந்தால் அடுத்த மாதம் அவள் பெயருக்கு நேரே ஆள் தேவையில்லை என்று வந்துவிடும். யாரும் திட்ட மாட்டார்கள், விரட்ட மாட்டார்கள். "உடம்பப் பாத்துக்கம்மா" என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார்கள். அந்த அன்பைப் போல ஒரு விஷம் உலகத்தில் இல்லை.

லைனில் நாங்கள் எங்களால் ஆனதைச் செய்தோம். விஷயத்தை நான் நாலு பேரிடம்தான் சொன்னேன், மற்றவர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். ஒருத்தரும் அட்டை கேட்காமல் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். என்ன பிரயோஜனம்? அட்டை ஆணியில்தான் தொங்கும், ஆனால் அதை எடுக்கப் போகிற முகம் ஒரே முகமாக இருந்தால் அவருக்குத் தெரியாதா? "என்னம்மா, உங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷலா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். அன்றைக்கு மத்தியானம் அவள் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. நான் திட்டினேன். "எனக்கு வேணாம் அக்கா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பட்டிமன்றம் வந்தது. எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்ன வயசுப் பெண். சிரித்த முகம். கெட்டவள் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் மனசார நாலு சாபமாவது விட்டிருப்பேன்.

"அக்கா, மனித உரிமை நாளுக்கு ஒரு பட்டிமன்றம் வெக்கிறோம். வெளிநாட்டுக் கஸ்டமர்ஸ் வர்றாங்க. நீங்க நல்லா பேசுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. தலைப்பு, மனித உரிமைகள் நமக்குக் கடவுள் தந்ததா, சட்டம் தந்ததா."

"மூணாவதா ஒரு அணி வைங்க மேடம். போராடி வாங்கினதுன்னு. நான் அதுல பேசறன்."

"அய்யோ, அது யூனியன் பேச்சு மாதிரி இருக்குக்கா. நீங்க சட்டம்னு பேசுங்க. பாயின்ட்ஸ் நானே எழுதித் தர்றேன்."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. பேசினால் என்ன பேச வேண்டும் என்பதையும் அவளே தந்துவிடுவாள். "மேடம், பட்டிமன்றமே வேணாம். அந்தச் சிவப்பு அட்டைய எடுத்துடுங்க. அது போதும் எங்களுக்கு" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "அது புரொடக்‌ஷன் விஷயம் அக்கா. இது மனித உரிமை. ரெண்டையும் கலக்காதீங்க."

கலக்காதே என்கிறாள். என் மூத்திரப்பை ஒரு டிபார்ட்மென்ட், என் மனித உரிமை இன்னொரு டிபார்ட்மென்ட். ஒரே உடம்பில் இரண்டும் இருக்கிறதே, அதற்கு நான் என்ன செய்வது? அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. மைக் கைக்கு வரட்டும், கஸ்டமர் முன்னால் உட்கார்ந்திருக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேடையில் ஏறிச் சொன்னால் காதில் விழுந்துதானே தீரும் என்று நம்பினேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

கடவுள் அணிக்கு என் சிநேகிதியைப் போட்டிருந்தார்கள். குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. தலைப்பு வந்த நாளிலிருந்து எங்களுக்குப் பஸ்ஸிலேயே பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது.

"சட்டம்னு எப்பிடிடி சொல்ற?" என்பாள் அவள். "ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டிக் கர்நாடகாக்குள்ள போனா போர்டுல எழுத்து மாறுது, பஸ்ஸு கலர் மாறுது, சட்டமும் மாறுது. இந்தப் பக்கம் நிக்கறப்ப எனக்கு இருக்கிற உரிமை அத்திப்பள்ளியில போய் எறங்கினா இல்லாம போயிடுமா? அங்க எறங்கினாலும் நான் அதே மனுசிதான? அப்ப அது சட்டத்துக்கு முன்னாடியே எனக்குள்ள இருக்குதில்ல? கடவுள் தம்ம சாயல்ல படைச்சப்பவே வெச்சு அனுப்பினதுடி."

எல்லையில் பிழைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "அவரே வெச்சு அனுப்பினாருன்னா, எங்க ஊர்ல எங்க தெரு ஆளுங்களுக்கு மட்டும் டீக்கடையில தனி டம்ளர் எதுக்கு வெச்சாங்க? கோயில்ல எங்க அப்பாவ எதுக்கு வெளிய நிக்க வெச்சாங்க? அந்த டம்ளர எடுக்க வெச்சது எந்தச் சாமி? கேஸ் போடுவாங்கன்ற பயந்தான் எடுக்க வெச்சுது."

"குடுத்தது கடவுள். புடுங்கினது மனுசன்."

"புடுங்கறப்ப குடுத்தவரு எங்க போயிருந்தாரு?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. சூளகிரி வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணுக்காகத் தினமும் ஜெபமாலை சொல்றன்டி" என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஜெபமாலைய நீ சொல்லு. அட்டைய யாரு எடுக்கறது?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவளே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நல்ல மனுஷி.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவள் அணியும் பிடிக்கவில்லை, என் அணியும் பிடிக்கவில்லை. கொடுத்தது யார், கொடுத்தது யார் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பசியை யார் கொடுத்தது? தாகத்தை யார் கொடுத்தது? ஒன்றுக்கு வருவதை யார் கொடுத்தது? அது வருகிறது. வந்தால் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நடுவில் ஒருத்தன் ஆணி அடித்து அட்டையைத் தொங்கவிட்ட பிறகுதான் அதற்கு உரிமை என்று ஒரு பெயரே தேவைப்பட்டது.

பட்டிமன்ற நாள் வந்தது. சாப்பாடு முடிந்ததும் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் வெளிநாட்டுக் கஸ்டமர்கள், பக்கத்தில் அவர்களுக்குக் காதோடு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர். நடுவர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். வந்ததும் வராததுமாகப் பொண்டாட்டி ஜோக் இரண்டு சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதவுக்கு ஒரு சூப்பர்வைசர் நின்றார். நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது, கஸ்டமர் முன்னால் அசிங்கமாக இருக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். எங்கள் கதவுக்கு எங்கள் சூப்பர்வைசர்.

அந்தப் பெண் எங்கள் லைன் ஆட்களோடு வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டி அவளைத் தண்ணீர் குடிக்க வைத்திருந்தேன். லைன் ஓடாத நேரம், அட்டை கேட்க வேண்டாம், தைரியமாகக் குடி என்று சொல்லியிருந்தேன்.

சிநேகிதி முதலில் பேசினாள். நன்றாகவே பேசினாள். எல்லைக் கதையைச் சொன்னபோது நடுவரே தலையை ஆட்டினார். பிறகு நான். மேடம் எழுதித் தந்த பாயின்ட்களை மனப்பாடம் பண்ணியிருந்தேன். முதல் இரண்டைச் சொல்லி முடித்திருப்பேன், அந்தப் பெண் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். கதவுப் பக்கம் பார்த்தாள். சூப்பர்வைசர் உள்ளங்கையைக் கீழே அமுக்கி உட்காரு என்று காட்டினார். அவள் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை டீச்சரிடம் காட்டுகிற மாதிரி. கல்யாணமான பெண், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், முந்நூறு நானூறு பேர் நடுவில் விரலைக் காட்டுகிறாள். அவர் தலையை ஆட்டினார். முடியட்டும் என்று வாயசைத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மனப்பாடமெல்லாம் மறந்துபோயிற்று.

"நடுவர் ஐயா, நான் சட்டம்னு பேச வந்தன். சட்டமும் வேணாம், சாமியும் வேணாம். எங்க லைனுக்கு வாங்க. அங்க ஒரு ஆணி இருக்குது. எங்க உரிமை எல்லாம் அந்த ஆணியிலதான் தொங்குது. ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு ஆம்பளகிட்ட கைகட்டி நின்னு கேட்டு, கழுத்துல அட்டைய மாட்டிகினு போறம். நாய்க்குக் கூடக் கம்பத்தப் பாத்தா கால் தூக்க யாரும் பர்மிஷன் குடுக்கறதில்ல. அதுக்குப் பயந்துகினு நாங்க தண்ணியே குடிக்கறதில்ல. உதடு வெடிச்சுப் போய் நிக்கறம். இப்ப இந்தக் கூட்டத்துல ஒருத்தி எழுந்து போவணும்னு நிக்கறா, கதவத் தொறக்க மாட்டேங்கறாங்க. மனித உரிமைக்குப் பட்டிமன்றம் வெச்சுட்டு மனுசிய ஒண்ணுக்குப் போவ விடமாட்டேங்கறாங்க. இது எந்த ஊரு நியாயம்?"

கைதட்டினார்கள்.

மற்ற செக்‌ஷன் ஆட்கள் விசில் அடித்தார்கள். நாய்க்குக் கால் என்றதும் சிரித்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் மேஜையைத் தட்டி, "ஆகா, ஆகா!" என்றார். மொழிபெயர்க்கிறவர் என்ன சொன்னாரோ, கஸ்டமர்களும் சிரித்த முகத்தோடு கைதட்டினார்கள். மேடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"இது பேச்சு இல்ல ஐயா, நெசமாத்தான் சொல்றன். மொதல்ல அந்தக் கதவத் தொறக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

பட்டிமன்றத்தில் அழுதாலும் அது பேச்சுத் திறமைதான். எதைச் சொன்னாலும் அணிக்காகச் சொன்னது என்றாகிவிடும். எதிர் அணி எழுந்து மறுத்தால் தீர்ந்தது. காலம்காலமாகக் கேட்டு வளர்ந்தவள், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மைக்கில் சொன்னால் காதில் விழும் என்று நினைத்தேன். விழுந்தது, ரசித்தார்கள். பாவிகள், ரசித்தார்கள்.

நடுவர் தீர்ப்பு சொல்ல எழுந்தார். "கடவுள் தந்த உரிமையைச் சட்டம் காக்கிறது" என்று இரண்டு அணியையும் தோளில் தட்டிக்கொடுத்து முடித்தார். அதற்குள் நான் அந்தப் பெண்ணைத் தேடினேன். அவள் தெரியவில்லை. எங்கள் லைன் ஆட்கள் எல்லாரும் எழுந்து, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, அவளைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மேல்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சிநேகிதி மேடையிலிருந்து குதித்து ஓடினாள். என்னைச் சிறந்த பேச்சாளர் என்று சொல்லிப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பாட்டில். மனித உரிமை நாள் என்று அச்சடித்த ஸ்டீல் தண்ணீர் பாட்டில். அதை வாங்காமல் இறங்கி வந்தேன். போட்டோவுக்காக மேடம் என் பின்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஏறினாள். அழவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேணாம் அக்கா, பேசாதீங்க" என்றாள்.

மறுநாள் வர மாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில். லைன் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லாரும் பார்க்க அதில் பாதியைக் குடித்தாள். கொஞ்ச நேரம் போனதும் கையிலிருந்த டேப்பைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஆணிப் பக்கம் போகவே இல்லை.

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "ஏம்மா! அட்டை எங்க? யாரு பர்மிஷன் குடுத்தா ஒனக்கு?"

அவள் நின்றாள். "ஒண்ணுக்கு வருது சார். போறன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. போய்விட்டாள்.

நான் அவள் இடத்தில் போய் நின்று டேப் சுற்றினேன். அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வருவதற்குள் வரிசையில் கடைசியில் நின்றவள் கிளம்பினாள். அட்டை எடுக்கவில்லை. பிறகு இன்னொருத்தி. "உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" "வருது சார்." அன்றைக்கு அந்த லைனில் எத்தனை பேருக்கு நிஜமாகவே வந்தது, எத்தனை பேர் சும்மா போனார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை அட்டை ஆணியிலேயே தொங்கியது. அடுத்த நாளும் தொங்கியது. பக்கத்து லைனுக்கும் பரவிற்று. மெமோ கொடுப்போம் என்றார்கள். யாருக்கென்று கொடுப்பார்கள்? லைன் முழுக்கவா? கஸ்டமர் ஆட்கள் இன்னும் ஊரைவிட்டுப் போகாத நேரம் வேறு. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அட்டை இல்லை. ஆணியையும் பிடுங்கியிருந்தார்கள்.

அவள் தண்ணீர் குடித்தாள். எரிச்சல் போயிற்று. பிள்ளை தங்கியது. வயிறு கோட்டுக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. கான்ட்ராக்ட் ஆள் வந்து, "உடம்பப் பாத்துக்கம்மா, கொழந்த பொறந்தப்பறம் வா" என்று சொன்னார். நான் எச்.ஆர். ரூமுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அது கான்ட்ராக்டர் விஷயம், கம்பெனி விஷயம் இல்லை என்றார்கள். கலக்கக் கூடாத பட்டியலில் இன்னொன்று. பெண் குழந்தை பிறந்தது. பால்குடி மறந்த பிறகு கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றாள். ஆள் எடுக்கவில்லை என்று செக்யூரிட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்குப் புதிதாக எடுத்த பெண்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

போன மாதம் கம்பெனியைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. எங்கள் லைனுக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்தி மேடம் விளக்கம் சொன்னாள். அதே சிரித்த முகம். "எங்ககிட்ட பெண்கள் எப்ப வேணும்னாலும் ரெஸ்ட்ரூம் போகலாம் சார். யாரையும் கேட்க வேண்டியதில்ல. இந்த உரிமைய மேனேஜ்மென்ட்டே முன்வந்து குடுத்தது."

என் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது. "மேனேஜ்மென்ட் குடுக்கல மேடம்" என்றேன்.

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடத்துக்கு முகம் மாறியது, ஆனால் சிரிப்பை விடவில்லை. "பின்ன யாரு அக்கா குடுத்தா?"

அவள் பெயரைச் சொன்னேன். லைன் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, அவள் அப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். இங்கே அதை எழுதவில்லை. எழுதினால் பக்கத்துக் கம்பெனியிலும் அவளுக்குக் கதவு திறக்க மாட்டார்கள்.

மேடம் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அது யாரு அக்கா?"